மேடைக்கு முன் கவுன்ட்டர்

வெளிநாட்டில் ஓர் இந்தியத் தூதரகத்தில் சமூக நலமும் கலாசாரமும் சேர்ந்த பொறுப்பு உங்களிடம் வந்தால், முதல் வாரத்திலேயே மேசையில் அழைப்பிதழ்கள் குவியும். பொங்கல், ஓணம், தாண்டியா, சங்கத்தின் ஆண்டு விழா, யாரோ ஒருவர் மகளின் அரங்கேற்றம். எல்லாவற்றுக்கும் போய்க் குத்துவிளக்கேற்றி, பொன்னாடை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் மூன்று ஆண்டுப் பதவிக்காலம் சுலபமாக ஓடிவிடும். யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் அந்த ஊரில் உங்கள் வேலையின் தடயம் எதுவும் இருக்காது.

இந்தப் பொறுப்பை நன்றாகச் செய்தவர்கள் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறார்கள்: முதலில் கவுன்ட்டர், பிறகு மேடை. கடவுச்சீட்டுக்கும் சான்றொப்பத்துக்கும் இறப்புப் பதிவுக்கும் வந்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதை வைத்துத்தான் சமூகம் தூதரகத்தை எடைபோடுகிறது. அங்கே சம்பாதித்த நம்பிக்கையைத்தான் கலாசார வேலையில் செலவழிக்க முடியும். பேச்சு ஆகாயத்தில் நிற்காமலிருக்க, கோலாலம்பூரை மாதிரியாக வைத்துக்கொள்கிறேன். சூழல் வேறாக இருந்தாலும் டர்பனிலும் போர்ட் லூயியிலும் வேலையின் அடிப்படை இதேதான்.

வந்திருப்பவர் யார்?

‘இந்தியச் சமூகம்’ என்று ஒரே சொல்லில் சுட்டினாலும், கோலாலம்பூரில் அதற்குள் குறைந்தது நான்கு கூட்டத்தார் இருக்கிறார்கள். முதல் கூட்டத்தார் மலேசியக் குடிமக்கள். ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் வந்தவர்களின் பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரன்கள். இரண்டாமவர் தகவல் தொழில்நுட்பம், வங்கி, எண்ணெய் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள். மூன்றாமவர் உணவகம், முடிதிருத்தும் கடை, கட்டுமானம், தோட்டம் என்று பெர்மிட்டில் வந்த தொழிலாளர்கள். நான்காமவர் மாணவர்கள்.

இவர்களில் முதல் கூட்டத்தாருக்கு நீங்கள் அயல்நாட்டுப் பிரதிநிதி, அவ்வளவுதான். அவர்களுடைய அரசாங்கம் புத்ராஜெயாவில் இருக்கிறது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-இல் தொடங்கிய தமிழ் வகுப்பை முதற்படியாகக் கொண்டு, 2016-இல் தமிழ்க்கல்வியின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடியவர்கள் அவர்கள். இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அங்கே நடக்கின்றன. முதல் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடக்கவில்லை. 1966-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தலைவராக இருந்தவர். இந்த வரலாறு உள்ள ஒரு சமூகத்தின் முன்னால் நின்று ‘உங்கள் பண்பாட்டை உங்களுக்கு அறிமுகப்படுத்த வந்திருக்கிறோம்’ என்கிற தோரணையில் பேசினால் கைத்தட்டல் வரும், மரியாதை வராது.

ஆகவே முதல் வேலை, ஒரு பட்டியல். இந்த நான்கு கூட்டத்தாருக்கும் தூதரகத்திடம் என்ன தேவை, சட்டப்படி நாம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள். தொழிலாளிக்கு இந்தியச் சமூக நல நிதி பொருந்தும், மலேசியக் குடிமகனுக்குப் பொருந்தாது. ஓசிஐ எனப்படும் வெளிநாட்டுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை மலேசியக் குடிமகனுக்குப் பயன்படும், தொழிலாளிக்கு அது தேவையே இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர் தினமான பிரவாசி பாரதிய திவஸின் அழைப்பிதழை எல்லாருக்கும் அனுப்புகிறோம். சிலாங்கூர் உணவகம் ஒன்றில் பரோட்டா போடுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டும்.

தாண்டக்கூடாத கோடு

1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 3-ஆவது உறுப்பு, பண்பாட்டு உறவை வளர்ப்பதைத் தூதரகத்தின் பணிகளில் ஒன்றாகவே சொல்கிறது. அதே உடன்படிக்கையின் 41-ஆவது உறுப்பு, தூதரகம் அமைந்துள்ள நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக்கூடாது என்கிறது. உங்கள் பொறுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

2007 நவம்பர் 25-ஆம் தேதி மலேசிய இந்தியர்களின் உரிமை கோரி ஹிண்ட்ராஃப் அமைப்பு கோலாலம்பூரில் பேரணி நடத்தியது. கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தார்கள். அப்போதைய தமிழக முதல்வர் மு.கருணாநிதி கவலை தெரிவித்து இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மலேசிய அமைச்சர் நஸ்ரி அசிஸ் உடனே, இது எங்கள் விவகாரம், நீங்கள் ஒதுங்கியிருங்கள் என்று காட்டமாகப் பதில் சொன்னார். மாநில முதல்வர் ஒருவரின் கவலைக்கே இந்தப் பதில் என்றால், தூதரக அதிகாரி ஒரு மேடையில் வாய்தவறிச் சொல்லும் வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இதற்குச் சில எளிய கட்டுப்பாடுகள் போதும். மலேசிய அரசியல் கட்சி நடத்தும் மேடையில் ஏறுமுன் தூதரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வாங்குங்கள். இந்தியக் கட்சிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்குத் தூதரக அரங்கை எந்தப் பெயரிலும் தராதீர்கள். ஒருவருக்குத் தந்தால் எல்லாருக்கும் தரவேண்டி வரும். கோயில் நிர்வாகக் குழுத் தகராறு, சாதிச் சங்கப் பிளவு இவற்றில் பஞ்சாயத்து பேசப் போகாதீர்கள். தமிழ்ப்பள்ளி நிலம், வேலைவாய்ப்பு ஒதுக்கீடு என்று மனு கொண்டுவந்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம், வாக்குறுதி தரக்கூடாது. ‘பார்க்கிறேன்’ என்ற ஒரு சொல்கூட அங்கே வாக்குறுதியாகிவிடும்.

கவுன்ட்டரில் நடப்பது

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். உணவகத் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார். உடல் அரசு மருத்துவமனைப் பிணவறையில். ராமநாதபுரத்திலிருந்து அவருடைய மைத்துனர் வாட்ஸ்அப்பில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். முதலாளி போனை எடுக்கவில்லை. உடலை அனுப்ப இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, ரத்து செய்த கடவுச்சீட்டு, குடும்பத்தின் ஒப்புதல் கடிதம், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, விமான நிறுவனத்தின் ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகம். இந்தக் குடும்பத்துக்கு எந்தத் தாள் எங்கே நிற்கிறது என்று தினமும் ஒருமுறை, அவர்கள் பேசும் மொழியில், ஒரே ஆள் சொல்ல வேண்டும். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பதிலே வராததைப் பொறுக்கமாட்டார்கள்.

பணம் எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூதரகச் சேவைக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வசூலித்து உருவான இந்தியச் சமூக நல நிதி 2009-இல் தொடங்கியது. 2017-இல் அதன் விதிகளை விரிவாக்கினார்கள். திக்கற்று நிற்கும் இந்தியக் குடிமக்களுக்குத் தங்குமிடம், பயணச்சீட்டு, அவசர மருத்துவம், முதற்கட்டச் சட்ட உதவி, உடலைக் கொண்டுசெல்வது ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக முறையாக வந்தவரா? அப்படியானால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருக்க வேண்டும். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். சட்டப்படி பெர்மிட்டில் வேலை செய்தவரா? 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலையிட விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். முதலாளி பதிவு செய்தாரா என்று விசாரியுங்கள். இறந்தவரின் மனைவிக்கு இந்த இரண்டு பெயரும் பெரும்பாலும் தெரியாது. உடல் போய்ச் சேர்ந்தவுடன் கோப்பை மூடிவிடாமல், இந்த உரிமைத் தொகைகளுக்கான விண்ணப்பம் போகும்வரை திறந்து வைத்திருப்பதுதான் நல்ல அதிகாரிக்கு அடையாளம்.

அதேபோல, முதலாளி கடவுச்சீட்டைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று ஒருவர் வந்தால், ‘போய் அவரிடமே பேசு’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்தவர் கடவுச்சீட்டை அதிகாரமின்றி வைத்திருப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். தூதரகத்தின் கடிதத் தாளில் இதைக் குறிப்பிட்டு முதலாளிக்கு ஒரு கடிதம் போனாலே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும். கைதானவர் என்றால் 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது உறுப்பு உங்கள் கருவி; அவரைப் பார்க்கவும் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டிலுள்ள இந்தியர்களின் குறைதீர்ப்புக்காக 2015-இல் தொடங்கிய ‘மதத்’ இணையதளத்தில் வரும் புகார்களை மாதம் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். எந்த முதலாளி, எந்த ஏஜென்ட், எந்த வட்டாரம் என்று மீண்டும் மீண்டும் வரும் பெயர்கள் அதில் தெரியும். இன்னொரு எச்சரிக்கை: கவுன்ட்டரில் மக்கள் கொடுக்கும் தொலைபேசி எண்ணை எடுத்து விழா அழைப்பு அனுப்பும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். கடவுச்சீட்டுக்குக் கொடுத்த எண் அதற்கு மட்டும்தான். தூதரகம் நம்மைக் கணக்கெடுக்கிறது என்ற சந்தேகம் ஒருமுறை கிளம்பினால் அடங்காது.

சங்கங்களும் முன்வரிசை நாற்காலியும்

சங்கங்கள் இல்லாமல் வேலை நடக்காது. கூட்டம் சேர்ப்பவர்கள், சமையல் பார்ப்பவர்கள், நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் ‘தூதரகத்தால் அங்கீகரிக்கப்பட்ட ஒரே அமைப்பு’ என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். மாநிலவாரியாக, மொழிவாரியாக, தொழில்வாரியாக எத்தனை சங்கம் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். அந்த அளவுகோலை எழுதித் தூதரக இணையதளத்தில் போடுங்கள்: பதிவு பெற்ற அமைப்பா, கணக்கு தணிக்கையானதா, நிகழ்ச்சி எல்லாருக்கும் திறந்ததா, ஒரே அமைப்புக்கு ஆண்டுக்கு எத்தனை முறை உதவி. எழுதிவைத்த விதியைக் காட்டி மறுத்தால் கோபம் விதிமேல் போகும். விதி இல்லாமல் மறுத்தால் கோபம் உங்கள் சாதிமேலும் மாநிலத்தின்மேலும் போகும்.

முன்வரிசை நாற்காலி விவகாரத்தைச் சின்னது என்று தள்ளாதீர்கள். குடியரசு தின விருந்தில் யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதை வைத்து அடுத்த ஆறு மாதம் பேச்சு நடக்கும். பதவிக்கு நாற்காலி, ஆளுக்கு இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வரிசையை முதலிலேயே ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் தொழிலாளர் தன்னார்வலர்களுக்கும் என்று ஒதுக்குங்கள்.

மொழியும் அப்படித்தான். அரங்கில் முக்கால்வாசிப் பேர் தமிழர்களாக இருக்கும்போது தூதரின் உரை முழுக்க இந்தியில் போனால், அன்றைய நாட்டியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே வந்து பேசுவது அந்த உரையைப் பற்றித்தான். தமிழில் இரண்டு பத்தி எழுதிக் கொடுத்து, உச்சரிப்பும் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலான தூதர்கள் சந்தோஷமாகப் படிப்பார்கள்.

கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

கலாசாரக் கூட்டு என்றால் பரிசளிப்பது என்று நினைப்பதில்தான் பல தூதரகங்கள் சறுக்குகின்றன. 2016 ஜூனில் கானா பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி சிலையை அப்போதைய இந்தியக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்துவைத்தார். சில மாதங்களில், காந்தி தென்னாப்பிரிக்காவில் இளமையில் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியவற்றை எடுத்துக்காட்டிப் பேராசிரியர்கள் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் சிலை அங்கிருந்து அகற்றப்பட்டது. திறப்பதற்கு முன்பே அந்தப் பேராசிரியர்களை அழைத்து ஒரு கருத்தரங்கு நடத்தியிருந்தால் எதிர்ப்பு முன்கூட்டியே காதில் விழுந்திருக்கும். சிலை வேண்டுமா என்ற முடிவையும் அங்கேயே எடுத்திருக்கலாம்.

நமக்கு இன்னும் அருகில் இருப்பது யாழ்ப்பாணம். இந்தியா கட்டிக்கொடுத்த கலாசார மையத்துக்குப் பிரதமர் மோடி 2015-இல் அடிக்கல் நாட்டினார். 2023-இல் அது மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ‘திருவள்ளுவர் கலாசார மையம்’ என்று பெயர் மாற்றினார்கள். வள்ளுவர் பெயரை யாழ்ப்பாணத்தில் யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் பெயர்ப்பலகையிலிருந்து அவர்களுடைய ஊர் காணாமல் போயிருந்தது. எதிர்ப்பு வந்தபின் யாழ்ப்பாணமும் பெயருக்குள் திரும்ப வந்தது. கட்டடத்தைக் கொடுப்பதைவிடப் பெயர் வைப்பதில்தான் கேட்டுச் செய்ய வேண்டியது அதிகம்.

கேட்டால் என்ன கிடைக்கும்? நான்காம் தலைமுறை மலேசியத் தமிழ் இளைஞரிடம் ‘இந்தியாவிடமிருந்து என்ன வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். நாட்டியக் குழு வேண்டும் என்று சொல்பவர் குறைவு. தாத்தா எந்த ஊர் என்று தெரிய வேண்டும் என்பார் பலர். வீட்டிலிருக்கும் பழைய தாளில் ஊர்ப் பெயர் தப்பும் தவறுமாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஓசிஐ அட்டைக்குப் பொதுவிதி கொள்ளுப்பேரன் வரை அனுமதித்தாலும், மூதாதையர் சான்று இல்லாமல் பலர் திரும்பிப் போகிறார்கள். மொரிஷியஸுக்கு ஏழாம் தலைமுறை வரை தருவதாக 2024-இல் அறிவித்தார்கள். விதி நாட்டுக்கு நாடு மாறும், பதில் சொல்லுமுன் நடப்புச் சுற்றறிக்கையைப் பாருங்கள்.

உங்களுடைய மிகச் சிறந்த கலாசாரத் திட்டம் இதிலிருந்தே கிளம்பலாம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் பதிவுகள் இருக்கின்றன. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. இரண்டையும் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறை வழியாக இணைத்து ‘ஊர் தேடல்’ என்று ஒரு திட்டம் தொடங்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலச் சயாம் ரயில் பாதையில் மாண்ட தொழிலாளர்கள், 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் ஆகியோரின் குடும்ப நினைவுகளை ஒலிப்பதிவாக்கலாம். கோலாலம்பூரின் இந்தியக் கலாசார மையத்துக்கு நேதாஜியின் பெயர். அந்தப் பெயருக்குள்ள உள்ளூர்க் கதை அங்கேயே சேகரமாவதுதான் முறை.

கூட்டாளி இந்தியர்தான் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? ராம்லி இப்ராகிம் மலாய்க்காரர், ஒடிசிக் கலைஞர். 1983-இல் சூத்ரா நிறுவனத்தைத் தொடங்கி, பல இனத்து மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2018-இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. புலம்பெயர்ந்தவர்களின் மண்டபத்தைத் தாண்டி, நாட்டின் பொதுமேடைக்கு நம் கலை போவது இப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான்.

தாளில் எழுதவேண்டியவை

1950-இல் தொடங்கிய, ஐசிசிஆர் எனப்படும் இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் கலைக்குழுக்களை அனுப்பி வருகிறது. குழு வருவதற்கு முன் உள்ளூர்க் கூட்டாளியோடு கையெழுத்தாகும் ஒப்பந்தம் நான்கு பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, இவை தெளிவாக இருக்கட்டும்:

விமானச் செலவு யாருடையது, உள்ளூர்த் தங்கல், உணவு, வாகனம் யாருடையது. நிகழ்ச்சி ரத்தானால் ஏற்கெனவே ஆன செலவை யார் ஏற்பது.

வெளிநாட்டுக் கலைஞர்கள் மலேசியாவில் மேடையேற புஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதி தேவை. விண்ணப்பிப்பவர் யார், கடைசி நாள் எது. விசா வந்துவிட்டது என்று இருந்துவிட்டு இதை மறப்பதே வழக்கமான கோளாறு.

வாத்தியங்கள். தற்காலிகமாகக் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோக ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் இருந்தால் சுங்கத்தில் சிக்கல் குறையும். பழைய வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதி இல்லாமல் பயணப்படுத்தாதீர்கள்.

கண்காட்சி என்றால் பொருளின் வயது. 100 ஆண்டு கடந்த கலைப்பொருளும் 75 ஆண்டு கடந்த ஓலைச்சுவடியும் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அனுமதியின்றி இந்தியாவை விட்டு வெளியே போக முடியாது.

படப்பதிவும் ஒளிபரப்பும். யார் பதிவுசெய்யலாம், யூடியூபில் போடலாமா, கலைஞர் சம்மதித்தாரா.

கட்டணச்சீட்டு வருமானம், விளம்பரதாரர் பெயர். மது, சூதாட்டம், புகையிலை சார்ந்த நிறுவனங்களை வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் கடைசி நேரச் சங்கடம் இல்லை.

பல்கலைக்கழக இருக்கைகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2024 ஆகஸ்டில் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிம் டெல்லி வந்தபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் திருவள்ளுவர் இருக்கை அமைப்பது கூட்டறிக்கையில் இடம்பெற்றது. இருக்கை எதுவானாலும், வருகிறவர் எந்தப் பாடத்தை நடத்துவார், அது மாணவரின் மதிப்பெண்ணில் சேருமா, அவர் போன பிறகு உள்ளூர் ஆசிரியர் யார் தொடர்வார் என்ற மூன்றுக்கும் விடை இருந்தால்தான் கையெழுத்து. இல்லையென்றால் பேராசிரியர் வருவார், இரண்டு சொற்பொழிவு நடக்கும், அறை மூடப்படும்.

தேதி வைப்பதிலும் பாதி வெற்றி இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் கூட்டம் பத்துமலையில் இருக்கும்; உங்கள் அரங்கில் இருக்காது. நோன்பு மாதத்தில் மாலை நிகழ்ச்சி வைத்தால் மலாய் விருந்தினர்கள் வர முடியாது. ஜூன் 21 யோகா தினத்தை வாரநாளில் வைப்பதா, அடுத்துள்ள ஞாயிறில் வைப்பதா என்பதைப் பள்ளிகளைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். உணவு பரிமாறினால் ஹலால் பற்றியும் சைவம் பற்றியும் பலகை வையுங்கள்.

கணக்குப் பார்ப்பது

ஆண்டறிக்கையில் ‘60 நிகழ்ச்சிகள், 20,000 பார்வையாளர்கள்’ என்ற பாணியில் எழுதுவது எளிது. அதோடு வேறு நான்கு வரியையும் சேர்த்து எழுதிப் பழகுங்கள். தூதரகப் பணம் இல்லாமல் இரண்டாம் முறை தானாக நடந்த நிகழ்ச்சிகள் எத்தனை? இந்தியா போய்ப் படித்துத் திரும்பிய உதவித்தொகை மாணவர்களில் எத்தனை பேரோடு இன்னும் தொடர்பு இருக்கிறது? எத்தனை குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கையில் கிடைத்தது? உள்ளூர் ஆசிரியர்களில் எத்தனை பேர் பயிற்சி பெற்று இன்று வகுப்பெடுக்கிறார்கள்? இந்த நான்குக்கும் பதில் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் போன பிறகும் இந்த எண்கள் குறையாது.

தூதரக அதிகாரி மாறிக்கொண்டே இருப்பார். சமூகம் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு புதிய அதிகாரிக்கும் முதலிலிருந்து கதை சொல்லிச் சொல்லிச் சங்கத்துக்காரர்கள் அலுத்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் 20 ஆண்டாக இருக்கும் உள்ளூர்ப் பணியாளருக்கு எல்லாம் தெரியும். அவரிடம் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். யாரோடு என்ன பேசி முடித்தோம், யாருக்கு என்ன மறுத்தோம், ஏன் மறுத்தோம், எந்தக் கோப்பு பாதியில் நிற்கிறது என்று ஒரு கையளிப்புக் குறிப்பேடு வையுங்கள். மாற்றல் உத்தரவு வந்த பிறகு எழுதினால் அவசரத்தில் பாதி விட்டுப்போகும். பொறுப்பேற்ற முதல் மாதமே தொடங்கி, வாரம் ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும், அந்த ஊரில் இருக்கும் நம் மக்களுக்கும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.